முதல் அடியும் தெப்பமும்: அண்மைக்கால நூல்கள் சிலவற்றை முன்வைத்து

தமிழ்ச் சங்க விழா எந்த ஊரில் நடந்தாலும் மேடையில் ஒரு பாட்டு தவறாமல் வந்துவிடும். கணியன் பூங்குன்றனாரின் பாட்டு, புறநானூற்றில் 192ஆவது. சிறப்பு விருந்தினர் சொல்வார், தலைவர் சொல்வார், நன்றியுரை கூறுபவரும் விடமாட்டார். எல்லோரும் சொல்வது முதல் அடியை மட்டும்தான். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நமக்கு அது ஒரு நற்சான்றிதழ் மாதிரி. எந்த ஊரும் நமக்கு ஊர்தான், நாமாக விரும்பித்தான் வந்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள உதவுகிறது.

பாட்டு அங்கேயே முடிந்துவிடவில்லை. பதின்மூன்று அடிகள் உள்ள பாட்டு அது. நடுவில் மழை பெய்கிறது. கல்லில் மோதி இரைந்து ஓடும் பேராறு வருகிறது. அந்த ஆற்று நீர் இழுத்த வழியில் ஒரு தெப்பம் போகிறது. உயிரும் அப்படித்தான் போகிறது என்கிறார் புலவர். விரும்பிப் போகிறவனின் பெருமிதம் முதல் அடியில் இருக்கிறது. தள்ளப்பட்டுப் போகிறவனின் கதை தெப்பத்தில் இருக்கிறது. நாம் முதல் அடியை மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு தெப்பத்தை மறந்துவிட்டோம்.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நான் படித்த நல்ல தமிழ் நூல்களை அடுக்கிப் பார்க்கும்போது, அவற்றில் பல இந்தத் தெப்பத்தைப் பற்றியவையாக இருப்பது தெரிகிறது. யார் தள்ளப்பட்டார்கள், எது தள்ளியது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று அவை கேட்கின்றன. வெளிமாநிலத்தில் வாழும் ஒரு வாசகன் என்ற நிலையிலிருந்து, அவற்றில் ஆறு நூல்களைப் பற்றி என் எண்ணங்களைச் சொல்கிறேன்.

ஊரைத் தேடிப் படிப்பது

நம்மில் பலர் தமிழ் நாவலைக் கையில் எடுப்பது ஊருக்குப் போய்வருவதற்காகத்தான். ரயில் டிக்கெட் கிடைக்காத மே மாதத்தில் நாவல் கிடைக்கிறது. தேர், ஆறு, தோப்பு, பாட்டி கையால் ஒரு பிடி சாதம், இதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏமாற்றம். "என்ன சார், இப்ப எழுதறவங்க எல்லாம் ஒரே சாவும் சண்டையுமா எழுதறாங்களே! ஜானகிராமன் மாதிரி ஒண்ணு வராதா?" என்று சங்கத்து நண்பர்கள் அடிக்கடி கேட்பதுண்டு. ஜானகிராமனில் மட்டும் துன்பம் இல்லையா என்ன? இருக்கிறது. காவிரிக்கரையின் அழகில் நாம் அதைப் பார்க்காமல் தாண்டிப் போய்விடுகிறோம், அவ்வளவுதான்.

புதிய எழுத்தாளர்கள் அப்படித் தாண்டிப் போக விடுவதில்லை. சாகித்ய அகாதெமியின் 2023ஆம் ஆண்டு விருதைப் பெற்ற தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' நாவலை எடுத்துக்கொள்வோம். தலைப்பே பூங்குன்றனார் பாட்டின் தெப்பத்திலிருந்து வந்ததுதான். நாம் மேடையில் சொல்லும் அடியை விட்டுவிட்டு, நாம் சொல்லாத இடத்திலிருந்து ஆசிரியர் தலைப்பை எடுத்திருக்கிறார். கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பங்களின் கதை. காரு மாமா என்ற மனிதரின் சாவுக்காக உறவுகள் கூடுகின்றன. கூடிய இடத்தில் பழைய பகை, பழைய கடன், பழைய பாசம் எல்லாம் வெளியே வருகிறது. ஊருக்கே முடி திருத்தி, நல்லது கெட்டதுக்கு முன்நின்று உழைத்தவர்களுக்கு அந்த ஊரில் என்ன இடம் இருந்தது என்பதை நாவல் கூச்சலின்றிச் சொல்கிறது. உறவுமுறைகள் மிகுதியாக இருப்பதால் முதல் ஐம்பது பக்கங்களில் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று தடுமாறத்தான் செய்யும். ஒரு சாவு வீட்டுக்குள் நுழையும் தூரத்துச் சொந்தக்காரனுக்கும் அந்தத் தடுமாற்றம் இருக்கும் என்பதால் நான் அதைக் குறையாக நினைக்கவில்லை.

வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள்

நம் மாதிரி குடும்பங்கள் கட்டாயம் படிக்க வேண்டிய நாவல் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், பெருமாள்முருகனின் 'ஆளண்டாப் பட்சி'யைச் சொல்வேன். 2012இல் வந்தது. ஜனனி கண்ணனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'ஃபயர் பேர்ட்' என்ற பெயரில் வெளியாகி, 2023ஆம் ஆண்டின் ஜேசிபி இலக்கியப் பரிசைப் பெற்றது. 'மாதொருபாகன்' பட்ட பாடும், 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் பெருமாள்முருகன் பெயரை எல்லோருக்கும் தெரியவைத்தன. அந்தச் சர்ச்சையின் நிழலில் இந்த நாவல் கொஞ்சம் மறைந்துவிட்டது என்பது என் எண்ணம்.

கதை எளியது. கூட்டுக் குடும்பத்தில் கடைசித் தம்பி முத்து. நிலம் பாகம் பிரிகிறது. அவனுக்கு வந்தது போதாது. அதற்குமேல் மூத்தவனால் அவன் மனைவி பெருமாவுக்கு நேர்ந்த அவமானம். இனி இந்த மண்ணில் இருக்க மாட்டேன், வேறு இடம் பார் என்று அவள் உறுதியாக நிற்கிறாள். முத்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு நிலம் தேடிப் புறப்படுகிறான். துணைக்குக் குப்பன் என்ற பண்ணையாள்.

புலம்பெயர்வு என்றாலே நமக்கு எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழும், டைப்ரைட்டிங் லோயரும், தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கிய தகரப் பெட்டியும்தான் நினைவுக்கு வரும். பெருமாள்முருகன் அதற்கும் முந்தைய, அதைவிடப் பெரிய புலம்பெயர்வைக் காட்டுகிறார். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு மேட்டுக்காட்டிலிருந்து இன்னொரு மேட்டுக்காட்டுக்கு, தண்ணீரைத் தேடியும் மானத்தைத் தேடியும் போனவர்கள் கணக்கற்றவர்கள். அந்தப் பயணத்தில் பட்டம், பதவி எதுவும் இல்லை. மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, கிணற்று வாட்டம் பார்த்து, அக்கம்பக்கத்து மனிதர்கள் எப்படி என்று விசாரித்து, அப்புறம்தான் ஓர் இடத்தில் காலூன்ற முடியும். வாடகைக்கு வீடு தேடி இந்த நகரத்தில் அலைந்த யாருக்கும் இது புரியும்.

நாவலின் உயிர் முத்துவுக்கும் குப்பனுக்கும் இடையில் இருக்கிறது. வயதில் மூத்தவர் குப்பன், அனுபவத்திலும் மூத்தவர். சாதிப்படி அவர் கீழே. ஊருக்குள் இருந்தவரை எல்லாம் விதிப்படி நடந்தது. வழியில் இரண்டே பேர், ஒரே வண்டி. விதி மெல்லத் தளர்கிறது, ஆனாலும் அறுந்துவிடவில்லை. அந்தத் தளர்ச்சியின் அளவைத்தான் ஆசிரியர் பக்கம் பக்கமாக அளந்து காட்டுகிறார்.

என் மகள் இதை ஆங்கிலத்தில் படித்தாள். நான் தமிழில் படித்தேன். மும்பையிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள், 300 பக்கம் படிக்கப் பொறுமை கிடையாது. "அப்பா, ரெண்டு பேரும் நல்ல ஃப்ரெண்ட்ஸ் மாதிரிதானே பேசிக்கறாங்க? இதுல சாதி எங்க வருது?" என்று கேட்டாள். தமிழ்ப் பிரதியைக் கொண்டுவந்து காட்டினேன். யார் யாரை எப்படி விளிக்கிறார்கள், யார் வாயில் 'ங்க' வருகிறது, யார் வாயில் வராது, வயதுக்கு மரியாதையா பிறப்புக்கு மரியாதையா என்று விரல் வைத்துப் பார்த்தோம். ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றுதான் இருக்கிறது. நீ, நீர், நீங்கள், ஏங்க, வாடா, வாங்க எல்லாம் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார், பாவம்! அது அந்த மொழியின் எல்லை.

இதில் நமக்கு ஒரு வேலை இருக்கிறது. பிள்ளைகள் தமிழில் படிப்பதில்லை என்று வருந்திக்கொண்டே இருக்கிறோம். தமிழ்ப் புத்தகத்தை ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு, ஆங்கிலம் தவறவிட்டதை எடுத்துச் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறது. சொல்லத் தெரிந்த தலைமுறை நாம்தான். நமக்குப் பிறகு அந்த 'ங்க'வின் கனத்தை விளக்க இந்த வீடுகளில் யாரும் இருக்கப்போவதில்லை.

பணம் எங்கே செல்லாது

இமையத்தின் 'செல்லாத பணம்' 2020ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருதைப் பெற்றது. படித்து முடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. நீளம் காரணமில்லை, ஒரு நேரத்தில் பத்துப் பக்கத்துக்கு மேல் மனம் தாங்கவில்லை. இன்ஜினீயரிங் படித்த ரேவதி, பெற்றோர் விருப்பத்தை மீறி ஆட்டோ ஓட்டும் ரவியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். ஒருநாள் உடல் முழுக்கத் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் கிடக்கிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவின் வாசலிலேயே நடக்கிறது. தீ எப்படிப் பற்றியது என்பதற்கு ஆளுக்கொரு பதில்.

ரவியின் குடும்பம் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள். இங்கேதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடல் கடந்து போன தமிழன் பெருமை பேசுகிற நாம், திரும்பி வந்தவனைத் தமிழ்நாடு எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்பதில்லை. தலைமுறை மாறிய பிறகும் அவன் 'வந்தவன்'தான். இந்த நகரத்தில் நம்மை 'மதராஸி' என்று அழைத்த காலத்தை வேதனையோடு சொல்லிக்கொள்கிறோமே, அதே வேலையை நம் மண்ணில் நம் மனிதர்களுக்கு நாமே செய்திருக்கிறோம்.

நாவலில் எனக்குக் குறை தெரியாமல் இல்லை. உரையாடலிலேயே கதை ஓடுவதால், மருத்துவமனை வாசலில் அதே புலம்பல் திரும்பத் திரும்ப வருகிறது. சில இடங்களில் கத்தரி வைத்திருக்கலாம். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பேச்சின் உண்மை அசாதாரணமானது. பெற்றோரிடம் பணம் இருக்கிறது, மகளைக் காப்பாற்ற அது உதவாது என்ற இடத்தில் தலைப்பு நெஞ்சில் இறங்குகிறது. ஜி.ஜே.வி. பிரசாத் 'எ வுமன் பர்ன்ட்' என்று இதை ஆங்கிலமாக்கியிருக்கிறார். அந்தத் தலைப்பு நடந்ததைச் சொல்கிறது. தமிழ்த் தலைப்பு பெற்றோரைப் பார்த்துக் கேள்வி கேட்கிறது. கல்யாண வயதில் பிள்ளைகளை வைத்திருக்கும் நமக்குத் தமிழ்த் தலைப்புத்தான் சுடும்.

அந்தேரிப் பாலத்தில் ஒரு முதியவள்

'நம்ம மும்பையைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?' என்ற கேள்வி நியாயமானது. நாஞ்சில் நாடன் இங்கே வேலை பார்த்த ஆண்டுகளில் எழுதினார். பல ஆண்டுகளாக இந்நகரிலேயே வாழ்ந்து எழுதுபவர் அம்பை. பெண்களின் வாழ்வையும் படைப்பையும் ஆவணப்படுத்தும் 'ஸ்பாரோ' நிறுவனத்தை 1988இல் இங்கே தோற்றுவித்தவர்களில் ஒருவர். 2021ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதெமி விருது அவருடைய 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' சிறுகதைத் தொகுதிக்குக் கிடைத்தது. நான் இங்கே சொல்ல விரும்புவது 2014இல் வந்த 'அந்தேரி மேம்பாலத்தில் ஒரு சந்திப்பு' என்ற நூலை.

துப்பறியும் கதைகள்! சங்கர்லாலும் கணேஷ்-வசந்தும் படித்து வளர்ந்த நமக்கு இது ஒரு புது விருந்து. துப்பறிபவர் சுதா குப்தா, நடுத்தர வயதுப் பெண். துப்பாக்கி கிடையாது, கார்த் துரத்தல் கிடையாது. பொறுமையாகக் கேட்கிறார், மனிதர்கள் தாமாகவே பேசுகிறார்கள். தலைப்புக் கதையில், அந்தேரி ரயில் பாலத்தில் தன்னிலை தடுமாறிய ஒரு வயதான பெண்மணி. அந்தப் பாலத்தைக் காலை நேரத்தில் கடந்தவர்களுக்குத் தெரியும், அங்கே நின்றால் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் நின்று ஒரு முதியவளைப் பார்க்கிறார் என்பதே இந்த நகரத்தில் ஒரு நிகழ்ச்சிதான்.

மர்மக் கதை என்று பார்த்தால் முடிச்சுகள் இறுக்கமானவை என்று சொல்ல மாட்டேன். பழகிய வாசகர் விடையைச் சீக்கிரமே ஊகித்துவிடுவார். இந்தக் கதைகளின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. ஊரைப் பிரிந்த ஏக்கம் இல்லாமல், மும்பையை மும்பையாகவே தமிழில் எழுதியிருக்கிறார். தமிழ் இங்கே வெளியூர்க்காரராக விழிக்கவில்லை. லோக்கலில் சீசன் டிக்கெட் எடுத்துப் போகிறது.

மிருதங்கத்தின் உள்ளே

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் மிருதங்கம் கற்காத தெரு உண்டா? கச்சேரி கேட்காத குடும்பம் உண்டா? டி.எம். கிருஷ்ணா ஆங்கிலத்தில் எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' (2020), தமிழில் 'செபாஸ்டியன் குடும்பக்கலை'யாக வந்திருக்கிறது. மிருதங்கத்தைச் செய்பவர்களின் வரலாறு. வாசிப்பவர்களின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். செய்தவர் ஒருவரின் பெயரையாவது சொல்ல முடியுமா என்று இந்த நூல் கேட்கிறது.

பலா மரத்தைக் குடைந்த கட்டை. அதன் இரு பக்கமும் தோல்: பசு, எருமை, ஆடு மூன்றும் தேவை. தோலைத் தொட்டுப் பார்த்தே இது வலந்தலைக்கு ஆகுமா, தொப்பிக்கு ஆகுமா என்று சொல்லும் கைகள் வேண்டும். கருப்பாக வட்டமாக இருக்கிறதே, அதை அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்ற வேண்டும். நாதம் அந்தத் தேய்ப்பில் பிறக்கிறது. இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்து போன்றவர்கள் வெறும் பழுதுபார்ப்பவர்களா, அந்த நாதத்தைச் சேர்ந்து உருவாக்கியவர்களா என்பதே நூலின் மையக் கேள்வி. படித்தவர்கள் இரண்டாவது பதிலைத்தான் சொல்வார்கள். நூல் வெளியீட்டுக்கு முதலில் இடம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா பின்னர் அனுமதியை விலக்கிக்கொண்டது. விழா 2020 பிப்ரவரியில் ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. கேள்வி எங்கே உறுத்துகிறது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

குறையும் சொல்லிவிடுகிறேன். வாய்மொழி நினைவுகளை நம்பி எழுதிய நூல். மகன், மருமகன், பேரன் என்று பெயர்கள் குவியும்போது வாசகர் வழி தவறுகிறார். தமிழ்த் தலைப்பிலும் எனக்கு ஒரு சிறு வருத்தம். 'அண்ட் சன்ஸ்' என்பதில் ஒரு கடைப் பலகையின் கம்பீரம் இருக்கிறது. பலகை வைக்க முடியாமல் போனவர்களுக்கு ஆசிரியர் வைத்த பலகை அது. 'குடும்பக்கலை' அழகான சொல்தான், ஆனாலும் அந்தப் பலகை காணாமல் போய்விட்டது.

இதைப் படிக்கும்போது எனக்குத் தாராவி நினைவுக்கு வந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்கள் அங்கே தோல் பதனிடும் தொழிலில் உழைத்தன. அவர்களும் மும்பைத் தமிழர்களே. நமது மலர்களில் அவர்கள் பெயர் எத்தனை முறை வந்திருக்கிறது?

1908: இரண்டு ஊர்கள்

கடைசியாக ஒரு வரலாற்று நூல். ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908'. சாகித்ய அகாதெமியின் 2024ஆம் ஆண்டு விருது பெற்றது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் 1908 மார்ச் 12இல் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன, காவல்துறை சுட்டதில் நான்கு பேர் மாண்டார்கள். பள்ளிப் பாடத்தில் இதையெல்லாம் வ.உ.சி.யின் வாழ்க்கையில் ஒரு பத்தியாகப் படித்திருக்கிறோம். வேங்கடாசலபதி விளக்கைத் தலைவரிடமிருந்து தெருவுக்குத் திருப்புகிறார். ஆவணங்களைத் தேடித் தேடி, தண்டனை பெற்ற சாதாரண மனிதர்களை முன்னே கொண்டுவருகிறார். ஆய்வு நூல்தான், ஆனாலும் நடை தெளிவானது. சொற்சிக்கனம் நாவலாசிரியர்களுக்கும் பாடம்.

மும்பை வாசகனுக்கு இதில் ஒரு தனி ஈர்ப்பு. வ.உ.சி. தம் தலைவராகக் கொண்டவர் திலகர். 1908 ஜூலை 7இல் வ.உ.சி.க்குத் தண்டனை, ஜூலை 22இல் இந்த நகரத்தின் உயர் நீதிமன்றத்தில் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை. ஆண்டுக்கு ஒரு நாளாக ஆறு நாள் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அங்கே தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் அதே ஆண்டுத் தொடக்கத்தில் நடந்து முடிந்திருந்தது. நாம் விட்டுவந்த ஊரும் வந்துசேர்ந்த ஊரும் ஒரே ஆண்டில், ஒரே காரணத்துக்காகக் கொதித்திருக்கின்றன. இதை மராட்டிய நண்பர்களுக்கு நாம் சொல்லலாம். அவர்களில் பலருக்கு வ.உ.சி.யைத் தெரியாது.

செய்ய வேண்டியது

ஆறு நூல்கள் ஆயின. இவற்றில் எதுவும் நமக்கு விடுமுறை ஊரைத் தராது. முடி திருத்தியவர், வண்டியில் துணை போன பண்ணையாள், ஆட்டோ ஓட்டியவர், பாலத்தில் நின்ற முதியவள், தோல் தேய்த்தவர், துப்பாக்கிச் சூட்டில் விழுந்தவர் என்று நாம் விட்டுவந்த ஊரையும் வாழும் ஊரையும் தாங்கியவர்களைத் தருகின்றன. அவர்களை அறியாமல் ஊரை நேசிக்கிறேன் என்பது, கட்டையைப் பார்க்காமல் கச்சேரி கேட்பது மாதிரி.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் இரண்டு. நூலக அலமாரியில் இந்த நூல்களின் தமிழ்ப் பிரதியையும், ஆங்கிலத்தில் வந்திருந்தால் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு, பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே நூலைத் தத்தம் மொழியில் படித்துவிட்டு வந்து உட்கார்ந்து பேச வேண்டும். பிள்ளைகள் இந்தியிலோ மராட்டியிலோ பேசினாலும் பரவாயில்லை, பேசட்டும். இரண்டாவது, தாராவியிலும் சயானிலும் கோலிவாடாவிலும் இன்னும் நம்மோடு இருக்கும் முதியவர்கள் எப்படி, எதனால் இங்கே வந்தார்கள் என்பதை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு மலரில் வாழ்த்துரைகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியை இதற்குத் தந்தாலே போதும். நோட்டுப் புத்தகத்தோடு முதல் வீட்டுக்கு வர நான் தயார்.